அம்மா பெயரில் ஓர் ஆல்பம்!

லண்டன் ஹிப் ஹாப்பில் உறுமி மேளம் கேட்டதுண்டா? 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசத்தின் ஆல்பங்களில் கேட்கலாம்.

1975-ல் லண்டனில் பிறந்தவர், ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்குப் போனார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவரைப் போர் துரத்த, 1986-ல் அம்மாவோடு அகதியாக மறுபடியும் லண்டன்.

முதல் பாட்டு 'கலாங்' 2003-ல் வந்தபோது அச்சானது 500 இசைத்தட்டுகள்தான். கிளப்களிலும் இணையத்திலும் கைமாறிக் கைமாறி அது பரவியது.

2005-ல் 'அருளர்' ஆல்பம். அது அப்பாவின் இயக்கப் பெயர். ஒரே ஒரு சின்னத் தாளக் கருவியில் உருவான மெட்டுகள். கொஞ்சம் கரடுமுரடுதான், அதுவே பலம். பிரிட்டனின் மெர்க்குரி விருதுப் பட்டியலிலும் இடம் பிடித்தது.

2007-ல் வந்த 'கலா', அம்மாவின் பெயர். அமெரிக்க விசா கிடைக்காததால் பல நாடுகளில் பதிவானது. சென்னையும் அதில் ஒன்று. 'பாய்ஸ்' பாட்டில் உறுமி அதிர்கிறது. 'பாம்பூ பங்கா'வில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' எட்டிப் பார்க்கிறது. அபிஷேகப்பாக்கத்திலோ பாகூரிலோ திருவிழா மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமே இல்லை. சில இடங்களில் சத்தத்தில் வரிகள் மூழ்கிவிடுவது மட்டும் குறை.

'பேப்பர் பிளேன்ஸ்' தவறவிடக் கூடாதது. குடியேறி வந்தவர்களைச் சந்தேகமாகவே பார்க்கும் உலகத்தைத் துப்பாக்கிச் சத்தத்தாலும் கல்லாப்பெட்டிச் சத்தத்தாலும் கிண்டல் செய்கிறது. கிராமி பரிந்துரை வரை போன பாட்டு.

2019-ல் மாதங்கிக்கு எம்.பி.இ. பட்டம் அறிவிக்கப்பட்டது. பிரிட்டனில் அந்தப் பதக்கங்களைப் பல வருடங்களாகக் கையால் தைத்துக் கொடுத்தவர்களில் ஒருவர், அவருடைய அம்மா கலா!