பசையில் கலக்கும் களிமண்

ஹரியானாவின் யமுனாநகரிலும் கேரளத்தின் பெரும்பாவூரிலும் பிளைவுட் ஆலைகள் நெருங்கி நிற்கின்றன. முன்னதில் பாப்லரும் யூகலிப்டசும். பின்னதில் ரப்பர் மரம். மரம் எதுவாயினும் மெல்லிய தாள்களாக உரித்து, பசை தடவி, இழைகள் குறுக்கிடுமாறு அடுக்கி, சூட்டில் அழுத்துவதே முறை. நடைமுறை மூலதனக் கடன் வழங்கும் எங்களைப் போன்றோர் சரக்கிருப்பைப் பார்வையிடும்போது பலகைகளை எண்ணுகிறோம். அவற்றின் மதிப்பைத் தாங்கி நிற்பதோ கண்ணில் படாத பசை.

உட்புறப் பயன்பாட்டுக்கான பலகைகளில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினே இடம்பெறுகிறது. அதனைத் தனியே தடவினால் மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். இணைப்பில் பசை போதாது. இறுகும்போது சுருங்கி விரிசலும் காணும். எனவே கோதுமை மாவு சேர்ப்பது நெடுநாளைய வழக்கம். மாவு செலவைக் குறைக்கும். ஆயினும் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக்கு இரையாகும். கயோலின் எனும் வெண்களிமண்ணுக்கு அக்குறை இல்லை. பசையை மேற்பரப்பில் நிறுத்தி, சுருக்கத்தையும் தணிக்கும். மான்ட்மொரில்லோனைட் என்ற களிமண்ணின் ஏடுகளோ சீராகப் பிரிந்து பரவினால் நீர் ஊடுருவும் பாதையைச் சுற்றுவழியாக்குகின்றன. பிரியாமல் திரண்டுவிட்டால் இணைப்பு பலவீனமாகும்.

மலிவான தூள் எல்லாம் பொருந்துவதில்லை. வணிகவியல் பயின்ற என்னை வியக்கவைத்தது சுண்ணாம்புக்கல் தூள். யூரியா பிசின் அமிலச் சூழலில் இறுகுவது. அதற்கென்றே அம்மோனியம் குளோரைடு சேர்க்கின்றனர். கால்சியம் கார்பனேட் அந்த அமிலத்தை முறித்துவிடும். வழக்கமான அழுத்த நேரத்தில் பலகை அரைகுறையாக இறுகி வெளிவரக்கூடும். குவார்ட்ஸ் மிகுந்த தூளோ வாளின் பற்களை மழுக்கும். அதன் நுண்தூசி தொழிலாளரின் நுரையீரலுக்கும் கேடு. பசையில் மிச்சம் பிடித்த சில ரூபாய் வாள் செலவிலேயே கரைந்துவிடும்.

களிமண்ணுக்கும் எல்லை உண்டு. ஐ.எஸ். 710 தரக் கடல்சார் பிளைவுட் 72 மணி நேரம் கொதிநீரைத் தாங்க வேண்டும். அதற்கு ஃபீனால் பிசின் தேவை. யூரியா பிசினில் எவ்வளவு களிமண் கலந்தாலும் அத்தரம் கிட்டாது.

மழைக்காலத்தில் ஏடு பிரிந்த பலகைகள் திரும்பி வந்தால் வர வேண்டிய தொகை நின்றுபோகும். கடன் எடுக்கும் வரம்பு சுருங்கும். நிலுவை 90 நாட்களைக் கடந்தால் கணக்கு வாராக்கடனாகும். ஆகவே பசைக் கலவையை மாற்ற விழையும் வாடிக்கையாளர்கள் முதலில் ஒரு சிறு தொகுதியை மட்டும் அழுத்தி, ஊறவைத்த பின்னும் அதன் ஒட்டுவலிமையை ஆய்வகத்தில் சோதிப்பது நலம். சரக்கிருப்பைப் பார்வையிட வரும் அலுவலரிடம் அந்தச் சோதனைப் பதிவேட்டையும் காட்டுங்கள்.