சிரித்த குரங்கும் மீசை வைத்த வரையாடும்

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் விடுமுறையில் குடும்பத்தோடு பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கும், பிறகு உடுமலைப்பேட்டை வழியாக இடுக்கி மாவட்டத்துச் சின்னாறு, மறையூர், மூணாறுக்கும் போய் வந்தான். எடுத்த படங்களில் வேடிக்கையான இரண்டைப் பொறுக்கி, போட்டிக்கு எதை அனுப்பலாம் என்று என்னிடம் கேட்டான். ரயில்வேயில் பாலங்களை ஆய்வுக்காகப் படமெடுத்த அனுபவம்தான் எனக்கு உண்டு. இருந்தாலும் கேட்டவனுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா?

முதல் படம் சின்னாறு சாலையோரத்தில் எடுத்தது. நாட்டுக் குரங்கு ஒன்று சிப்ஸ் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் "சிரிக்கிறது". படத்தின் ஓரத்தில், குச்சி பிடித்த கை ஒன்று பாதி தெரிகிறது.

"இந்தக் கையை வெட்டிவிட்டால் படம் சுத்தமாகிவிடும் இல்லையா, தாத்தா?"

வெட்டாதே என்றேன். குரங்கு இப்படிப் பல்லைக் காட்டுவது சிரிப்பல்ல, பயம். வலிய குரங்கின் முன்னால் எளிய குரங்கு காட்டும் முகம் அது. 'பல்லிளிப்பது' என்று தமிழில் சொல்கிறோமே, அதே பொருள்தான்! (கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பிளந்து கோரைப்பற்களைக் காட்டினால் அது மிரட்டல். அப்போது விலக வேண்டியவர்கள் நாம்.) கையை வெட்டிவிட்டால் குரங்கு எதைப் பார்த்து மிரண்டது என்பதே மறைந்துபோகும். பாலத்தைப் படமெடுத்து, விரிசல் உள்ள ஓரத்தை மட்டும் வெட்டி மேலதிகாரிக்கு அனுப்புவது போன்ற வேலை அது.

அந்தப் பாக்கெட்டும் வேடிக்கையில்லை. தின்பண்டத்துக்குப் பழகிய குரங்குகள் சாலையோரமே கதியென்று கிடந்து, வண்டிகளில் அடிபடுகின்றன.

பிறகு எதைத்தான் வேடிக்கை என்பது? 2015இல் பால் ஜாய்ன்சன்-ஹிக்ஸ், டாம் சல்லம் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் காட்டுயிர் நகைச்சுவைப் படங்களுக்கென்றே ஒரு போட்டி தொடங்கினார்கள். 2020இல் முதல் பரிசு பெற்றது மார்க் ஃபிட்ஸ்பாட்ரிக் ஆஸ்திரேலியக் கடலில் எடுத்த ஆமைப் படம். முன்துடுப்பை நீட்டி நம்மைத் திட்டுவது போலவே இருக்கும். ஆமையோ தன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது.

பையனின் இரண்டாவது படம் அந்த ரகம். மூணாறை அடுத்த இராஜமலையில் ஒரு வரையாடு. வாயின் இருபுறமும் புல் தொங்க, மீசை முறுக்கிய ஊர்ப் பெரியவர் மாதிரி நிற்கிறது. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்குக்கு ஏற்ற கம்பீரம்! 1978 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் இரவிகுளத்தின் ஒரு பகுதி இராஜமலை. அங்கே ஆடுகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. பாதையை விட்டு இறங்காமலே பையனால் எடுக்க முடிந்ததும் அதனால்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு கொம்பின் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. நின்றபடி மேலிருந்து எடுத்திருக்கிறான். குந்தி உட்கார்ந்து ஆட்டின் கண்மட்டத்தில் எடுத்திருந்தால் மீசை இன்னும் எடுப்பாகத் தெரிந்திருக்கும். ஆனால் கண் துல்லியமாக விழுந்திருக்கிறது. இதையே அனுப்பு என்றேன்.

அடுத்த முறை கொம்போடு எடுக்கப் போவதாகச் சொல்கிறான். குட்டி போடும் காலம் என்று வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். பயணச்சீட்டு எடுப்பவர்கள் அதைப் பார்த்து எடுங்கள்.