லாஸ் காட்டோஸ் விபத்து: 28 பேர் பெயரற்றுப் போனது எப்படி?

ஜனவரி 28 நெருங்கும்போதெல்லாம் லாஸ் காட்டோஸ் விமான விபத்தைப் பற்றிய ஐயங்கள் வாசகர் கடிதங்களில் மிகுகின்றன. இறந்த மெக்சிகோ பண்ணைத் தொழிலாளர்கள் 28 பேரின் பெயர்கள் எவருக்கும் தெரியாமலே போயின என்ற எண்ணமே அவற்றுள் பலவற்றுக்கு அடிப்படை, அது சரியன்று.

1948இல் ஓக்லந்திலிருந்து எல்லையருகே உள்ள எல் சென்ட்ரோவுக்குச் சென்ற வாடகை விமானம் கலிபோர்னியாவின் கோலிங்கா அருகே லாஸ் காட்டோஸ் பள்ளத்தாக்கில் தீப்பற்றி விழுந்து 32 பேர் மாண்டபோது, பரவலாக வெளியான செய்திகள் விமானப் பணியாளர் மூவரையும் குடிவரவுக் காவலர் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறி, ஏனையோரை 'நாடு கடத்தப்படுவோர்' என்று மொத்தமாக அடக்கின. இந்த வகைப்பாட்டை அப்படியே ஏற்பதற்கில்லை. ஏனெனில் முறையான ஆவணமின்றி வந்தவர்களோடு, 'பிராசெரோ' திட்டத்தின்கீழ், அதாவது 1942 முதல் 1964 வரை மெக்சிகோ தொழிலாளர்களை அமெரிக்க வயல்களுக்கு வரவழைத்த இருநாட்டு ஒப்பந்தத்தின்கீழ், வேலைக்காலம் முடிந்து ஊர் திரும்பியவர்களும் அந்த விமானத்தில் இருந்தனர்.

பெயர்ப்பட்டியல் ஃபிரெஸ்னோ மாவட்டப் பதிவகத்திலேயே இருந்தது, பிழைகளோடு. தந்தைவழி, தாய்வழி என இரு குடும்பப்பெயர்களைத் தாங்கும் மெக்சிகோ வழக்கத்தில் ஒன்றை விட்டாலோ, காதில் விழுந்தபடி எழுதினாலோ, ஆள் வேறாகிவிடுகிறார். மகனைத் தேடும் குடும்பத்துக்கு அந்தப் பதிவு இருந்தும் இல்லாததே. பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் டிம் இசட். ஹெர்னாண்டஸ் அந்தப் பட்டியலோடு நின்றுவிடவில்லை. இறந்தவர்களின் பெயர்களோடு சொந்த ஊரையும் உறவினரையும் குறித்திருந்த 'எல் ஃபாரோ' என்னும் பழைய ஸ்பானிய மொழி இதழ், இறந்தவர்களுள் ஒருவரின் உறவினர் வழியாக அவர் கைக்கு வந்தது. பதிவேடு எழுதியவர் பொருட்படுத்தாத ஊர்ப்பெயரே இங்குத் திறவுகோலாயிற்று: அதைக் கொண்டு பிழையான பெயரைத் திருத்தவும், திருத்திய பெயரைக் கொண்டு குடும்பங்களைத் தேடிச் செல்லவும் முடிந்தது. அவர்கள் சொன்ன நினைவுகளையும் ஆவணங்களையும் இணைத்தே 2017இல் 'ஆல் தே வில் கால் யூ' நூலை அவர் எழுதினார்.

இந்த விபத்தைப் பற்றி அமெரிக்கப் பாடகர் வுடி கத்ரி எழுதிய புகழ்பெற்ற பாடலில் வரும் பெயர்கள் உண்மையானவையா என்றால், அவை அவர் கற்பித்துக்கொண்டவை. அது முதலில் கவிதையாகவே எழுதப்பட்டது. மார்ட்டின் ஹாஃப்மன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே மெட்டமைத்தார். 28 பேரும் ஃபிரெஸ்னோ ஹோலி கிராஸ் கல்லறையில் ஒரே குழியில் புதைக்கப்பட்டனர். பெயர்கள் அனைத்தும் பொறித்த கல் அங்கு நாட்டப்பட்டது 2013 செப்டம்பர் 2ஆம் நாள், 65 ஆண்டுகள் கழித்து, பொதுமக்கள் தந்த நன்கொடையால்.