வாயில்லா ஜீவன்கள் – 11: பால் கொடுக்கும் நாய்க்கு வெட்டு வந்தால்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் கூடத்தைத் தறியே அடைத்துக்கொள்ளும். நாய் குட்டி போட்டால், மிச்சமிருக்கும் மூலையில் ஒரு சாக்கு. அதுதான் பிரசவ அறை. அப்படி ஒரு வீட்டில் ஐந்து குட்டிகளோடு கிடந்த வெள்ளைப் பொமரேனியன், மூன்றாம் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் குட்டிகளை உதறிவிட்டு எழுந்து வாசலுக்கும் கூடத்துக்குமாக அலைந்தது. நாக்கு வெளியே தொங்க இளைப்பு. பின்னங்கால்கள் விறைத்துப்போயின. இருட்டுவதற்குள் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, வாயோரம் நுரை.

"வெறி புடிச்சிருக்கு, கிட்ட போவாதண்ணா!" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

வெறியும் இல்லை, யாரும் விஷமும் வைக்கவில்லை. இரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது. 100 மில்லி இரத்தத்தில் சுமார் 9 முதல் 11 மில்லிகிராம் இருக்க வேண்டியது, 7-க்குக் கீழே போனால் தசைகள் தாமாகவே இழுக்கத் தொடங்கும். கறவை மாட்டுக்கு வரும் பால் காய்ச்சலும் இதே குறைதான். ஆனால் மாடு, கன்று போட்ட ஓரிரு நாளிலேயே உடம்பு சில்லிட்டுப் படுத்துவிடும். நாயோ பால் நன்றாக ஊறும் இரண்டு, மூன்றாம் வாரத்தில், 105 டிகிரிக்கு மேல் கொதித்துத் துடிக்கும். சிறிய இனம், நிறையக் குட்டி என்றால் ஆபத்து கூடுதல்.

"சினையா இருந்தப்பவே தெனமும் கால்சியம் டானிக் ஊத்தினோமே சார்!" என்றார் அந்த வீட்டம்மா. அங்கேதான் வினை. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்துக்குத் தரச் சொல்வது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி. டானிக்காகவே தினமும் வந்து கொட்டினால், அது வேலையைக் குறைத்துக்கொள்ளும். பால் சுரந்து தேவை திடீரென ஏறும்போது, அதனால் ஈடுகொடுக்க முடியாது. டாக்டர் சொல்லாமல் சினை நாய்க்கு டானிக் கொடுப்பது பாசமல்ல, கெடுதல். தயிர்சாதமும் பிஸ்கட்டுமாகவே வளர்ப்பதும் தப்பு. கடையில் விற்கும் குட்டி நாய்த் தீவனத்தைத் தாய்க்கும் கொடுங்கள். சினையின் கடைசி வாரங்களிலும் பால் கொடுக்கும் காலத்திலும் அதுவே பொருந்தும்.

வெட்டு வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. இழுக்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஆஸ்பத்திரியில் கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். டாக்டரின் காது நாயின் நெஞ்சுத் துடிப்பிலேயே இருக்கும். அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். மருந்து இறங்க இறங்க நடுக்கம் அடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பிறகு 12 முதல் 24 மணி நேரம் குட்டிகளைத் தாயிடம் விடக் கூடாது. குட்டிகளுக்கான பால் பவுடர் நல்லது. கிடைக்காத அவசரத்துக்குப் பசும்பாலில் முட்டை மஞ்சள் கரு கலந்து வெதுவெதுப்பாகத் தரலாம். தண்ணீர் சேர்க்காதீர்கள், நாய்ப்பால் பசும்பாலைவிட மிகக் கெட்டியானது. கைக்குழந்தை போல மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புற வைத்தே புகட்டுங்கள். மூன்று வாரம் ஆகாத குட்டி என்றால், குடித்தபின் ஈரப் பஞ்சால் வாலுக்கடியில் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிட்டுச் செய்யும் வேலை அது; இல்லாவிட்டால் மூத்திரம்கூடப் போகாது.

மூன்று, நான்கு வாரக் குட்டிகளுக்குக் குழைந்த உணவைப் பழக்கி, தாய்ப்பாலை மெல்ல நிறுத்திவிடலாம். ஒருமுறை வெட்டு வந்த நாய்க்கு அடுத்த ஈத்திலும் வர வாய்ப்பு அதிகம். அதற்குக் கருத்தடை செய்துவிடுங்கள்.

(தொடரும்)