கவிதையும் பதவியும்: ஃபுஜிவாரா நோ தெய்காவின் அரசவை வாழ்வு

ஜப்பானியச் செவ்வியல் கவிதை வரலாற்றில் ஃபுஜிவாரா நோ தெய்கா (1162–1241) நுண்ணழகியல் கவிஞராகவே பெரிதும் அறிமுகப்படுத்தப்படுகிறார். சீனமொழி நடையில் அவர் எழுதிய ‘மெய்கெட்சுகி’ என்னும் நாட்குறிப்போ வேறொரு மனிதரைக் காட்டுகிறது. பதவி உயர்வுகள் அறிவிக்கப்படும்போதெல்லாம் தமக்கு உரியது கிட்டவில்லை என மனம் குமைபவர் அவர். இவ்விரு உருவங்களையும் தனித்தனியே பிரித்துக் காண்பது பொருந்தாது. அக்கால அரசவையில் கவிதையே பதவிக்கான வழியாகவும் இருந்தது.

தெய்கா பிறந்த மிகோஹிதாரி குடும்பம் பெருங்குலத்தின் செல்வாக்குக் குறைந்த கிளையாகும். 1185இல் அரண்மனையில் மினாமோதோ நோ மசயுகி என்பவரைக் கைவிளக்கால் அடித்ததால் அவர் பெயர் அவைப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. தந்தை ஷுன்சேய் அனுப்பிய விண்ணப்பக் கவிதையே மறு ஆண்டில் அவரை மீட்டது. 1200இல் ஓய்வுபெற்ற பேரரசர் கோ-தொபா நூறு பாடல் தொடர்களைக் கோரியபோது, எதிரணியினர் தெய்காவை விலக்க முயன்றனர். அப்போதும் ஷுன்சேயின் முறையீடே கைகொடுத்தது. தெய்காவின் பாடல்கள் பேரரசரைக் கவர்ந்தன. அவை நுழைவுரிமை வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அவர் ‘ஷின்கொகின்ஷூ’ தொகுப்பாசிரியர் குழுவில் இடம்பெற்றார். எனினும் உயர்மட்ட அரசவை ஆலோசகர்களுள் ஒருவராக 1214 வரை காத்திருக்க நேர்ந்தது.

புரவலருடனான உறவு 1220இல் முறிந்தது. தாயின் நினைவு நாளில் கவியரங்கிற்கு அழைக்கப்பட்ட தெய்கா அளித்த பாடல் கோ-தொபாவின் சினத்திற்கு ஆளானது. அவர் அவைக் கவியரங்குகளிலிருந்து ஒதுக்கப்பட்டார். மறு ஆண்டில் காமகுரா படையாட்சியை எதிர்த்துத் தோற்ற கோ-தொபா ஒகி தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். பேரரசரின் வெறுப்பே தெய்காவுக்குக் காப்பாயிற்று எனலாம். மனைவியின் தம்பி சையோன்ஜி கின்ட்சுனே காமகுரா சார்பினர் என்பதும் துணைநின்றது. 1232இல், எழுபது வயதில், இடைநிலை ஆலோசகர் பதவி கிட்டியது. அவ்வாண்டின் இறுதியிலேயே அதைத் துறந்து, 1233இல் துறவு பூண்டார்.

இப்பிற்காலத்தில்தான் ஆய்வாளர் தயங்கி நிற்க வேண்டிய இடம் வருகிறது. தெய்கா தனித்துத் தொகுத்து 1235இல் நிறைவுற்ற ‘ஷின்சொகுசென்ஷூ’விலிருந்து நாடுகடத்தப்பட்ட பேரரசர்களின் பாடல்கள் நீக்கப்பட்டன. காமகுராவின் மனநிலையைக் கருதிய மேலிட அழுத்தமே இதற்குக் காரணம். இதைத் தெய்காவின் நன்றியின்மைக்குச் சான்றாக்குவது எளிது. ஆனால் நீக்கம் அவரது விருப்பம் எனக் கொள்ள இடமில்லை. அவர் பெயரால் வழங்கும் ‘ஹியாகுனின் இஷ்ஷூ’வின் இறுதி இரு பாடல்கள் கோ-தொபாவுக்கும் அவர் மகன் ஜுன்தொகுவுக்கும் உரியவை. அதனோடு நெருங்கிய ‘ஹியாகுனின் ஷூகா’ தொகுப்பில் அவ்விருவரும் இல்லை. அவற்றைச் சேர்த்தவர் தெய்காவா, அவர் மகன் தமேயியா என்பது இன்றும் விவாதத்திற்குரியதே.