ஒதெல்லோ நாடகத்தில் களமும் நிறமும் பெண்மையும்

ஆங்கில நாடகப் பேராசான் ஷேக்ஸ்பியர் யாத்த துன்பியல் நாடகங்களுள் ஹாம்லெட், மாக்பெத், லியர் மன்னன் ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்பெறுவது ஒதெல்லோ. 1604ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையில் நடிக்கப்பெற்றது என்பதே இதன் அரங்கேற்றம் பற்றிக் கிடைக்கும் முதற் குறிப்பு. பொறாமையின் கேட்டை விளக்க எழுந்த நாடகம் என்று கூறி அமைவது வகுப்பறை வழக்கம். அது பிழையன்று, ஆனால் போதாது. யாருடைய சொல் அவையேறுகிறது, யாருடைய சொல் அவையேறாமலே மடிகிறது என்னும் வினாவோடு இந்நாடகத்தைப் பயின்றால், களமும் நிறமும் பெண்மையும் ஒரே முடிச்சில் பிணைந்து கிடப்பதை நாம் காணலாம்.

நாடகத்தின் முழுப்பெயரிலேயே ஒதெல்லோ 'வெனிஸ் நகரத்து மூர்' எனக் குறிக்கப்பெறுகிறான். மூர் என்பது வடஆப்பிரிக்க முஸ்லிம்களைக் குறித்து வழங்கிய சொல். ஐரோப்பியர் வாயில் அது சமயத்தையும் நிறத்தையும் ஒன்றாய்க் குழப்பிச் சுட்டும் பெயராயிற்று. போர்த்துக்கீசியர் அச்சொல்லை இலங்கை வரை கொணர்ந்தனர்; தமிழில் சோனகர் எனப்படுவோர் அந்நாட்டு ஆங்கில ஆவணங்களில் இன்றும் மூர் என்றே எழுதப்படுகின்றனர். ஒதெல்லோவோ திருமுழுக்குப் பெற்ற கிறித்தவன். வெனிஸ் அரசின் படைத்தலைவன். ஆயினும் முதற்காட்சியில் அவனைப் பற்றியே பேச்சு நிகழ, அவன் பெயரை மட்டும் எவரும் சொல்வதில்லை. அவனுடைய உதட்டையும் நிறத்தையும் சொல்லி இழிக்கின்றனர். அவனைப் பெயர் சுட்டி முதலில் அழைப்பவர் ஆட்சிமன்றத்தில் வீற்றிருக்கும் கோமகனே.

இவ்விரட்டை நோக்கு அக்கால இலண்டனுக்கும் உரியதே. மொராக்கோ மன்னர் அஹ்மத் அல்-மன்சூரின் தூதராக அப்துல் வாஹித் பின் மஸ்ஊத் 1600ஆம் ஆண்டு எலிசபெத் அரசியின் அவைக்கு வந்து சில திங்கள் தங்கியிருந்தார். தலைப்பாகையும் வாளுமாக அவர் நிற்கும் ஓவியம் இன்றும் உள்ளது. அதே அரசியின் ஆட்சிக்குழுதான் 1596இல் கறுப்பினத்தாரை நாட்டினின்றும் அனுப்பிவிடுமாறு மடல் விடுத்தது. வேண்டும்போது விருந்தினர், வேண்டாதபோது வேற்றவர்!

இனி வெனிஸ் நகருக்கு வருவோம். தன் மகள் டெஸ்டிமோனா ஒதெல்லோவை மறைவாக மணந்தாள் என்றறிந்த பிரபான்சியோ, மந்திரத்தால் மயக்கினான் என்று அவன்மேல் குற்றஞ்சாட்டுகிறான். ஒதெல்லோவை இல்லத்திற்கு அழைத்து விருந்திட்டு, அவன் போர்க்கதைகளை விரும்பிக் கேட்டவனும் இதே தந்தைதான். விருந்தினனாக ஏற்றவனை மருமகனாக ஏற்க மனம் ஒப்பவில்லை. அவ்விரவே துருக்கிக் கப்பற்படை சைப்ரஸ் தீவை நோக்கிப் புறப்பட்ட செய்தியும் மன்றத்தை எட்டுகிறது. குற்றஞ்சாட்டப்பெற்ற ஒதெல்லோ தன் தரப்பை உரைத்து, அப்பெண்ணையே அழைத்துக் கேளுங்கள் என்கிறான். டெஸ்டிமோனா வருகிறாள். என் தாய் தன் தந்தையினும் கணவனை முதன்மையாகக் கொண்டாள்; நானும் அவ்வாறே என்று தந்தையின் முகத்துக்கு நேரே கூறுகிறாள். வழக்கு அங்கேயே வீழ்கிறது. கறுப்பினத்தான் ஒருவனின் சொல்லும் பெண்ணொருத்தியின் சொல்லும் ஒருசேர அவையேறிய அரிய இடம் இது. துருக்கிக் கப்பல்கள் அன்றிரவு புறப்படாதிருந்தால் தீர்ப்பு இவ்வாறே அமைந்திருக்குமா என்ற ஐயமும் நமக்கு எழாமல் இல்லை.

இரண்டாம் அங்கத்தில் களம் சைப்ரஸுக்கு மாறுகிறது. இக்கதைக்கு மூலமாகிய சிந்தியோவின் இத்தாலியக் கதை 1565இல் வெளிவந்தது. அதில் மூருக்குப் பெயரும் இல்லை, துருக்கிப் போரும் இல்லை. இரண்டையும் சேர்த்தவர் ஷேக்ஸ்பியர். 1489 முதல் வெனிஸ் ஆட்சியிலிருந்த சைப்ரஸ், 1571இல் ஃபமகுஸ்தா வீழ்ந்தபோது உதுமானியர் வசமாயிற்று. நாடகத்திலோ புயலொன்று துருக்கிக் கப்பல்களைச் சிதைத்துவிடுகிறது. பகை நீங்கியது, படை மட்டும் எஞ்சியது. போரற்ற போர்வீரர், மதுவும் பூசலும் மலிந்த பாசறை, முறையிட மன்றமில்லாத தீவு என்று களம் சுருங்குகிறது. அங்கே ஒதெல்லோவே தலைவன், அவனே நடுவன். டெஸ்டிமோனாவுக்குத் தந்தையும் இல்லை, சுற்றமும் இல்லை. அத்தீவில் நாம் காணும் பெண்கள் மூவர்: டெஸ்டிமோனா, அவள் தோழி எமிலியா, பியாங்கா. மூவருமே ஆடவர் வாயால் பரத்தை என்று ஏசப்படுகின்றனர்.

இயாகோவின் சூழ்ச்சி இக்களத்தில்தான் வேரூன்றுகிறது. அவன் நிறத்தையும் பெண்மையையும் தனித்தனியே எடுத்தாள்வதில்லை. வெனிஸ் மகளிரின் மறைவொழுக்கம் அந்நாட்டினனாகிய எனக்குத் தெரியும் என்பான். வேற்றவனாகிய உனக்குத் தெரியாது என்பது சொல்லாமலே விளங்கும். தந்தையை ஏமாற்றியவள் அல்லளோ என்பான். தன் நாட்டையும் நிறத்தையும் சார்ந்த வரன்களை மறுத்தவளின் மனம் இயல்பான மனமாகுமா என்பான். அவள் அன்பின் பெருமைக்குச் சான்றாக நின்ற செயலே அவள் குற்றத்திற்குச் சான்றாகத் திரிக்கப்படுகிறது. தான் கறுத்தவன் என்பதாலோ, அவைப்பேச்சு அறியாதவன் என்பதாலோ, அகவை சாய்ந்தவன் என்பதாலோ அவள் மாறியிருக்கலாம் என்று ஒதெல்லோ தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் இடம் நாடகத்திலேயே கொடிய இடம் என்பது நம் கருத்து. பகைவர் நாவிலிருந்த இகழ்ச்சி அவன் நெஞ்சில் குடியேறிவிட்டது.

ஒரு கைக்குட்டைக்கு இத்தனை ஆரவாரமா என்று தாமஸ் ரைமர் என்னும் திறனாய்வாளர் 1693இல் எள்ளி நகையாடினார். வினவுதல் நின்ற இடத்தில் கைக்குட்டையும் சான்றாகும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை போலும். நான்காம் அங்கத்தில் ஒதெல்லோ எமிலியாவையும் மனைவியையும் வினவத்தான் செய்கிறான். ஆனால் தீர்ப்பை முடித்துக்கொண்டு கேட்கும் கேள்வி அது. கொலைக்காட்சியில் டெஸ்டிமோனா வேண்டுவது ஒன்றே: காசியோவை அழைத்துக் கேளுங்கள். வெனிஸ் மன்றத்தில் ஒதெல்லோ வேண்டியதும் இதுவே அன்றோ! அவனுக்குக் கிட்டிய விசாரணையை அவன் அவளுக்கு மறுத்தான். காசியோ இறந்துவிட்டதாக நம்பி, அவன் வாய் அடைக்கப்பட்டது என்கிறான்.

இவ்வேடங்களை ஏற்றவர் யாவர் என்பதும் எண்ணத்தக்கது. தொடக்கத்தில் முகத்தில் கருமை பூசிய வெள்ளையர் ஒதெல்லோவாகவும், சிறுவர் டெஸ்டிமோனாவாகவும் நடித்தனர். ஆங்கில அரங்கில் பெண்கள் தொழில்முறையாக நடிக்கத் தொடங்கியது 1660இல்தான். கறுப்பின நடிகர் ஐரா ஆல்டிரிட்ஜ் 1833இல் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒதெல்லோவாகத் தோன்றியபோது இதழ்கள் சில கடுமையாகச் சாடின. 1943இல் நியூயார்க்கில் பால் ராப்சன் நடித்த ஒதெல்லோ 296 முறை மேடையேறியது.

உண்மையை உரைப்பவள் எமிலியா. கைக்குட்டையை எடுத்துக் கணவன் இயாகோவிடம் கொடுத்தவளும், அது எங்கே என்று தலைவி கேட்டபோது தெரியாது என்றவளும் அவளே. இறுதிக்காட்சியில் வீட்டுக்குப் போ என்று கணவன் ஆணையிடும்போது, அவனுக்குப் பணிதல் முறைதான், இப்போது பணியமாட்டேன் என்று கூறி எல்லாவற்றையும் வெளியிடுகிறாள். அதற்காகவே அவன் கத்திக்கு இரையாகிறாள். கணவரைப் போலவே மனைவியர்க்கும் உணர்வுண்டு என்று அவள் முன்னர் ஆற்றும் உரை 1622ஆம் ஆண்டுப் பதிப்பில் இல்லை. 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் உள்ளது.

முன்பு அலெப்போவில் வெனிஸ்காரன் ஒருவனை அடித்த துருக்கியனைத் தான் குத்திக் கொன்றதை ஒதெல்லோ சாகுமுன் நினைவுகூர்கிறான். அத்துருக்கியனின் தலைப்பாகையையும் சுன்னத்தையும் இழித்துரைத்து, இவ்வாறே குத்தினேன் என்று தன்னையே குத்திக்கொள்கிறான். வெனிஸின் வீரனும் வெனிஸின் பகைவனும் ஓருடலில் வீழ்கின்றனர். மகள் மணத்தால் நொந்து பிரபான்சியோ முன்னரே மாண்டிருந்தான். டெஸ்டிமோனாவின் சிற்றப்பன் கிராசியானோ அந்த மூரின் உடைமைகளைக் கைக்கொள்ளுமாறு பணிக்கப்படுகிறான். நடந்தவற்றை அரசுக்கு அறிவிக்க லோடோவிகோ வெனிஸுக்குப் புறப்படுகிறான்.