இங்கினியாகலைக்கு எப்போது போவது?

பெருநாள் கிட்டும்போது கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் வேன் பேசுகிற பேச்சு தொடங்கிவிடும். அறுகம்பே போய் அலுத்தவர்களும் குமணை தூரம் என்கிறவர்களும் கடைசியில் இங்கினியாகலையில் வந்து நிற்பார்கள். கல்லோயாப் பூங்காவில் யானை நீந்துமாம், போட்டில் போய்ப் பார்க்கலாமாம். உண்மைதான். சரி, எப்போது போவோம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: மழை பெய்து குளம் நிரம்பட்டும், போவோம். அந்தப் பதிலைத்தான் இந்தத் தேத்தண்ணி ஆறுவதற்குள் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஆற்றைப் பிடிப்போம். பதுளைப் பக்க மலைகளில் பிறந்து 108 கிலோமீட்டர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது கல்லோயா. நம் பழையவர்கள் வாயில் பட்டிப்பளை ஆறு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்த பிறகு, அமெரிக்க நிறுவனமான மொரிசன் நுட்சன் இங்கினியாகலையில் இந்த ஆற்றை மறித்து அணை கட்டியது. அணைக்குப் பின்னால் தேங்கியதுதான் சேனாநாயக்க சமுத்திரம். நிரம்பினால் ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி தண்ணீர் பிடிக்கும். ஓர் ஏக்கர் வயலில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஓர் ஏக்கர் அடி. மீதிக் கணக்கை வேளாண்மைக்காரர்களே போட்டுக்கொள்வார்கள். கல்லோயாத் திட்டம் என்றதும் நம் பக்கத்தில் குடியேற்றப் பேச்சும் காணிப் பேச்சும் வந்துவிடும். வர வேண்டியதுதான். ஆனால் அதற்குத் தனியாக உட்கார வேண்டும்.

காடு இருந்தது, அதற்குள் குளம் வந்தது, யானை இருந்ததால் பூங்காவாக்கினார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். நடந்தது வேறு. 1954இல் 25,900 ஹெக்டேயரைத் தேசியப் பூங்காவாக அறிவித்ததற்கு முக்கியக் காரணம், குளத்தின் நீரேந்து பிரதேசத்தைக் காப்பது. நீரேந்து பிரதேசம் என்றால், எந்த நிலத்தில் விழும் மழை வழிந்து இந்தக் குளத்துக்கு வருகிறதோ அந்த நிலம். அங்கே மரத்தை வெட்டிவிட்டால் மழைத்தண்ணீர் மண்ணையும் அள்ளிக்கொண்டு வந்து குளத்தின் அடியில் போடும். மரமும் வேரும் சருகும் தேத்தண்ணி வடியின் வேலையைச் செய்கின்றன: தண்ணீரை விட்டு, மண்டியைப் பிடித்துக்கொள்கின்றன. ஆக, குளத்துக்காகத்தான் காட்டைக் காத்தார்கள். காட்டோடு யானையும் தப்பியது. அந்தப் பள்ளத்தாக்கில் வேட்டையாடித் திரிந்த வேடர்கள்தான் தங்கள் நிலத்தை இழந்தார்கள்.

பூங்காவின் வேர் குளத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், போகும் நாளைப் பள்ளிக்கூட விடுமுறையை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதும் விளங்கிவிடும். குளத்துக்கென்று ஒரு வருடக் கணக்கு இருக்கிறது. வாடைக்காற்றோடு வரும் மழை நவம்பரிலிருந்து ஜனவரி வரை கொட்டும், குளம் ஏறும். மழை ஓய்ந்து ஏப்ரல் வாக்கில் சிறுபோகம் தொடங்கும், வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள், குளம் இறங்கும்.

குளம் நிரம்பியிருக்கும்போது தண்ணீர் காட்டு விளிம்பு வரைக்கும் நிற்கிறது. பார்க்க அழகுதான், சமுத்திரம் என்ற பெயருக்கும் பொருத்தம்தான். ஆனால் கரையில் புல் முளைக்க இடமில்லை. காட்டுக்குள்ளே பள்ளம் பள்ளமாக மழைத்தண்ணீர் கிடப்பதால், குடிக்கவும் யானை குளத்துக்கு வர வேண்டியதில்லை. குளம் இறங்க இறங்கத்தான் ஈரமண் வெளிப்பட்டு இளம்புல் தளிர்க்கிறது. அதே நேரம் வெயில் காட்டுக்குள் இருக்கும் பள்ளங்களைக் காய வைக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தேடும் ஒரு விலங்குக்குப் புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்தால் வேறெங்கே போகும்? சிறுபோகத்துக்காகத் திறந்து விடும் தண்ணீர் கீழே வயலையும் நனைக்கிறது, மேலே யானைக்குப் புல்லையும் திறந்து விடுகிறது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான்.

நீச்சலுக்கு வருவோம். குளத்துக்குள்ளே தெரியும் தீவுகள் எல்லாம் பள்ளத்தாக்கு மூழ்கியபோது தப்பி நின்ற குன்றுகளின் உச்சிகள். அங்கேயும் புல் உண்டு. யானைக்கு நீச்சல் இயல்பாக வரும். அத்தனை பெரிய உடம்பு தண்ணீரில் மிதந்துகொடுக்கும். போட்டிலிருந்து பார்க்கும்போது முழு யானையைத் தேடாதீர்கள். நெற்றி மேடு ஒன்று, அதற்கு முன்னே மூச்சு விடுவதற்காகத் தூக்கிப் பிடித்த தும்பிக்கை நுனி, இவ்வளவுதான் தெரியும். கரையேறும்போதுதான் முழு உருவம் எழும்பி வரும். அதுவும் எல்லா நாளும் கிடைக்கும் காட்சி இல்லை. கரையில் மேயும் யானையைப் பார்ப்பதே பெரும்பாலும் நடக்கும்.

ஆகவே ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிந்தினால் தண்ணீர் சுருங்கி, போட் ஓடும் இடமும் குறைந்துவிடும். பெருநாளோ பிறைக் கணக்கில் வருடாவருடம் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. குளம் சூரியக் கணக்கில் நிற்கிறது. இரண்டும் கூடிவரும் வருடங்களில் பெருநாளோடு போகலாம். கூடாத வருடங்களில் பெருநாளைக்கு மாமி வீடே நல்லது.

வழி எளிது. காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை தாண்டி அம்பாறை. அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இங்கினியாகலை. சுபஹு தொழுத கையோடு புறப்பட வேண்டும். காலையிலும் பின்னேரத்திலும்தான் யானை வெளியே வரும். நடு வெயிலில் போனால் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். போட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நீந்தத் தெரிந்த வாப்பாமாருக்கும் மாட்ட வேண்டும். சஹனும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு போய் ஆக்கித் தின்கிற நம் வழக்கம் பூங்காவுக்குள் நடக்காது. சாப்பாட்டை அம்பாறையில் முடித்துவிடலாம். திரும்பும் பாதையிலும் யானை குறுக்கே வரக்கூடும் என்பதால் இருட்டுமுன் கிளம்ப வேண்டும். அறுவடை முடிந்த வயலுக்கு யானை தானாகவே வருகிறதே, அதைப் பார்க்கக் காசு கொடுத்துப் போவானேன் என்று சம்மாந்துறைக்காரர் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

நாள் குறிப்பதற்கு முன்னால் ஒரு போன். வேன்காரருக்கு அல்ல, வேளாண்மை செய்கிற மாமாவுக்கோ சாச்சாவுக்கோ. சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் விடும் திகதி என்ன சொன்னார்கள், இப்போது குளத்தில் எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அவருடைய வட்டவிதானைக்குத் தெரியும். தண்ணீர் விட்டு மூன்று நான்கு கிழமை கழித்து வேன் பேசலாம்.